இடது கட்டைவிரல்

சிக்னலை இங்கே ரோபோ என்போம்.
அது சிவப்பில் இருந்தது, நான் நின்றேன்.
பின்னால் வந்த பாக்கி நிற்கவில்லை.
சின்ன லாரிக்கு டர்பனில் அதுதான் பெயர்;
எந்த ஜன்மத்துக் கணக்கோ,
வசூலித்துக்கொண்டது.
அன்று ஒன்றும் வலிக்கவில்லை.
ஓட்டி வந்தவனுக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை ஒத்திகையில்,
மேல்ஸ்தாயி வரவில்லை.
"ரீடை மாத்து" என்றான் டிரம்ஸ் ரூபன்.
மாற்றினேன். வரவில்லை.
குனிந்து பார்த்தேன்:
இடது கட்டைவிரல் சாவிமேல்தான் இருக்கிறது,
இருப்பது அதற்குத் தெரியவில்லை.

யாருக்கும் நீட்டாத கழுத்து இது.
பெண் பார்க்க வந்த மூன்று பேரும்
சமோசா தின்று கைகழுவிப் போனார்கள்.
நாற்பத்தொன்பது வருடத்தில் இதில் ஏறியது
ஒரு நைலான் வார்,
அதில் தொங்கும் டெனர் சாக்ஸபோன்,
மூன்றரைக் கிலோ.
நான் ஊதத் தொடங்கினால்
"கழுத்தறுப்பு" என்று எழுந்துபோவார் அத்தான்.
இப்போது டாக்டர் ஒஸ்மான் நிஜமாகவே அறுக்கப்போகிறார்,
முன்பக்கமாக,
குரல்வளையைத் திரைபோல் ஓரம் ஒதுக்கிவிட்டு.
ஐந்தாம் எலும்புக்கும் ஆறாவதற்கும் நடுவே
ஒரு தகடு, நாலு திருகாணி.
திருகாணி என்றதும்
தோடுதான் ஞாபகம் வந்தது எனக்கு.

விபத்து நிதிப் படிவத்தில் ஒரு கட்டம்:
காயத்தால் இழந்த வருமானம்.
வக்கீல் ஆபீஸ் பையன் கேட்டான்,
"ஆண்ட்டி, சாக்ஸபோன்ல மாசம் எவ்வளவு வரும்?"
கல்யாண வீடுகளில் பிரியாணி வரும்.
கோயில் ஹாலில் ஒருமுறை சால்வை வந்தது.
ரீடுக்கும் பேடுக்கும் என் கையிலிருந்து போகும்.
கணக்கெழுதுவதுதான் என் பிழைப்பு;
நானே கூட்டிப் பார்த்தேன்.
வரவு இல்லை, ஆகவே இழப்பு இல்லை.
பூஜ்யம் போட்டு
கையெழுத்திட்டேன், அழகாகவே.

மயக்கம் தெளிந்ததும் சிஸ்டர் நொம்புசோ
பெயர் கேட்டாள்.
நீலாவதி மூட்லி என்றேன்.
காற்று மட்டும் வந்தது,
ரீடு வைக்காமல் ஊதியது மாதிரி.
"வரும், வரும். என்ன அவசரம் உனக்கு?"

ஆறு வாரம் காலர்.
மெர்பேங்க் தெருவில் நிமிர்ந்தே நடந்தேன்,
தலைக்கனம் என்றிருப்பார்கள்.
தட்டை அலமாரிமேல் வைத்து
நின்றபடி தின்றேன், குதிரை மாதிரி.
இரவில் ரிஃபைனரி நாற்றம் ஜன்னலில் ஏறும்,
முகம் திருப்ப வழியில்லை.
துடைப்பக் கட்டையில் விரல் வைத்து
சத்தமில்லாமல் வாசித்தேன்.
அப்போதுதான் தெரிந்தது,
இத்தனை காலமும் தலையால் தாளம் போட்டிருக்கிறேன்.
தலை பூட்டிக்கிடக்க
அது தோளில் கொஞ்சம் நின்று பார்த்து
வலது குதிகாலுக்கு இறங்கிவிட்டது.
அங்கே சற்றுப் பிந்துகிறது.
ரூபன் திட்டுவான்.

வார் இனிக் கூடாது.
இரண்டு தோளிலும் மாட்டும் பட்டை வாங்கினேன்,
பள்ளிக்கூடப் பை போல.
நோட்டு ஃபிரிட்ஜின் மேல், கண்மட்டத்தில்.
பத்து நிமிடம் என்றார் டாக்டர்;
அலாரம் வைக்கிறேன்.

கீழ்ஸ்தாயிக்குக் கட்டைவிரல் வேண்டாம்.
அதனால் கீழேயே குடியிருக்கிறேன்.
ஆக அடியில் ஒரு ஸ்வரம், கப்பல் சங்கு போல;
அது தாடை வழியே இறங்கி
திருகாணிகளைத் தொடுகிறது.
டாக்டரிடம் கேட்டேன். வாய்ப்பில்லை என்றார்.
சரி.

நேற்று அந்த விரல்நுனியில்
ஊசி குத்தியது போல ஒன்று.
வலியா, வருகையா தெரியவில்லை.
சாவியை அழுத்தினேன்.
ஸ்வரம் ஏறியது, பாதியில் பிளந்தது,
வாத்து கத்தியது மாதிரி.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
அலாரம் அடித்தது, மேல்ஸ்தாயியில்.
எந்த ஸ்வரம் என்று தேடிக்கொண்டிருந்தேன்,
அது நிற்கும்வரை.